மூடுபனியில் சுப்புத்தாய்

என் கண் முன்னாலேயே ஜோயல் என் அம்மாவைச் சுட்டான். சுட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தான். கல்யாண ஆல்பம் வாங்க வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள், "சூப்பரா விழுறாளே, இன்னொருத்தியச் சுடு தம்பி" என்று எடுத்துக் கொடுத்தார். நான் டிபன் பாக்ஸும் குடையுமாகக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டரில்தான் சுட்டான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் போலீஸ் கேஸ் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆனால் "கம்ப்யூட்டர்லதான?" என்று யாராவது இழுத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அந்த உருவத்தை ஒவ்வொரு புள்ளியாக இழுத்து இழுத்துச் செய்தவள் நான். உரச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துத் தலையில் முக்காடாகக் கவிழ்த்துக்கொள்ளும் விதம், இடுப்பு நோவால் இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் நடை, நிற்கும்போது வலது கையை முழங்காலில் ஊன்றிக்கொள்வது, எல்லாமே சுப்புத்தாய் என்கிற என் அம்மாவுடையது. அந்த நடையைப் பார்த்தால் சுருளிப்பட்டியில் சின்னப் பிள்ளைகூட ஆளைச் சொல்லிவிடும்.

இது 2009இல் நடந்தது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அப்பா தவறிவிட்டார். அம்மா கேரளாவின் ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போய் என்னைப் படிக்கவைத்தாள். விடிவதற்கு முன்னால் ஊருக்குள் ஜீப் வரும். ஆட்களைக் கருவாடு மாதிரி அடுக்கிக்கொண்டு கம்பமெட்டு மலைப் பாதையில் ஏறும். முந்தின வருஷம் மழைச் சரிவில் சாக்கோடு உருண்டதிலிருந்து அம்மாவுக்கு இடுப்பு சரியில்லை. இனிமேலும் மலை ஏறினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொன்னார். அம்மா அந்த டாக்டரை நன்றாகத் திட்டிவிட்டு மறுநாளே ஜீப்பில் ஏறினாள். எனக்கு ஒரு நல்ல வேலை கிடைத்தால்தான் அவளை அந்த ஜீப்பிலிருந்து இறக்க முடியும். கம்பத்தில் ஜோயலின் அப்பா ஞானசிகாமணி நடத்திய கிராபிக்ஸ் கடையில் பூப்புனித நீராட்டு விழா பேனர் அடித்துக்கொண்டிருந்தால் அது நடக்காது.

அதனால்தான் ஜோயல் அந்தச் சேதியைக் கொண்டுவந்தபோது நான் விட்டேனா பார் என்று பிடித்துக்கொண்டேன். சென்னையில் ஒரு கம்பெனி வீடியோ கேம் செய்கிறது, ஆள் எடுக்கிறார்கள், சாம்பிள் கேட்கிறார்கள். பனி மூடிய ஒரு பயங்கரமான இடத்தை, கேம் எஞ்சின் என்கிற சாஃப்ட்வேரில் கட்டிக் காட்ட வேண்டும். பிடித்தால் இரண்டு பேருக்கும் வேலை. நானும் ஜோயலும் தேனியில் ஒன்றாகக் கம்ப்யூட்டர் படித்தவர்கள். அவனிடம் நல்ல கம்ப்யூட்டர் இருந்தது. மதுரையில் சிடியில் வாங்கிவந்த எஞ்சின் இருந்தது. என்னிடம் கோபமும் பொறுமையும் இருந்தன. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்குமா என்று கேட்காதீர்கள், இருந்தது.

ஜோயல் முதலில் ஏதோ வெளிநாட்டு கேமைப் பார்த்து அமெரிக்காவில் ஒரு ஊர் கட்டினான். மஞ்சள் ஸ்கூல் பஸ், இங்கிலீஷ் போர்டு, கதவு உடைந்த ஆஸ்பத்திரி. பனியைப் போட்டான். பார்த்தால் கடையில் வெள்ளையடித்தபோது பறந்த சுண்ணாம்புத் தூசி மாதிரி இருந்தது.

"பயமே வரலடா" என்றேன்.

"ஏன், பனி நல்லாத்தான இருக்கு?"

"நீ அமெரிக்காவ எங்கன பாத்த? பாக்காத ஊர்ல உனக்கே பயம் வராது. மேக்க திரும்பிப் பாரு. அம்புட்டு மலை நிக்குது, தெனமும் மஞ்சு இறங்குது. அதக் கட்டுவோம்."

மலையாளம் கலந்து பேசும் எங்கள் ஜீப்காரர்கள் மூடுபனியை மஞ்சு என்றுதான் சொல்வார்கள். எஞ்சினில் அதற்கென்று ஒரு இடம் உண்டு. பனி எங்கே ஆரம்பிக்க வேண்டும், எங்கே எல்லாம் மறைந்துபோக வேண்டும் என்று இரண்டு எண்களைக் கொடுத்தால் போதும். அப்படிக் கொடுத்தால் வருவது பனி இல்லை, கஞ்சித் தண்ணி. ஒரே கெட்டி, ஒரே நிறம். மலையில் பனி அப்படியா வரும்? மலையாளத்துப் பக்கமிருந்து மேட்டில் ஏறி, இந்தப் பக்கம் வழியும். ஏலத்தோட்டத்துக்குள் செடிகளுக்கு அடியில் நுழைந்து இடுப்பளவு நிற்கும், மேலே மரம் தெரியும், கீழே உங்கள் காலே உங்களுக்குத் தெரியாது. நான் அந்த இரண்டு எண்களைப் பேருக்கு வைத்துக்கொண்டு, புகை மாதிரி மெல்லிய படங்களைச் சரிவு நெடுக அடுக்கி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வேகத்தில் நகரவிட்டேன். கரண்ட் போகும், யூபிஎஸ் கத்தும், சேமிக்காதது எல்லாம் போய்விடும், மறுபடி அடுக்குவேன்.

கடைக் கேமராவை வாங்கிக்கொண்டு ஒருநாள் அம்மாவோடு ஜீப்பில் மேலே போனேன். மரப்பட்டை, பாசி பிடித்த ஏலக்காய் ஸ்டோர் சுவர், கூலியாட்கள் தங்கும் லயத்து வீடுகளின் தகரம், சேற்றில் செருப்புத் தடம் எல்லாவற்றையும் படமெடுத்தேன். அட்டை கடித்துக் கால் முழுக்க ரத்தம். அம்மாவோடு வேலை செய்யும் மலையம்மாள், "மரத்தப் போயி போட்டோ எடுக்குது பாரு, எங்கள எடுத்தா என்னவாம்" என்று கேலி செய்தாள்.

மத்தியானம் பனி இறங்கியது. என் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. அப்போதுதான் அம்மா கூவினாள். "ஊஊஊய்!" வலது பக்கம் எங்கிருந்தோ ஒரு "ஊய்". பள்ளத்திலிருந்து ஒன்று. மேட்டிலிருந்து ஒன்று. தோட்டத்தில் இதுதான் வழக்கம். பனி இறங்கினால் ஒருத்தி கூவ வேண்டும், மற்றவர்கள் ஒவ்வொருவராக மறுகுரல் கொடுக்க வேண்டும். ஒரு குரல் குறைந்தால் எல்லோரும் காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு அந்த ஆளைத் தேடிப் போவார்கள். கங்காணி கத்தினாலும் சரி. சாயங்காலம் ஜீப் கிளம்பும்போதும் அப்படித்தான், எல்லாக் குரலும் வந்தால்தான் வண்டி நகரும். அம்மா மழையில் உருண்ட அன்றைக்கு அவள் மறுகுரல் வரவில்லை என்றுதான் தேடி வந்து தூக்கினார்கள்.

அந்த நிமிஷத்தில்தான் என் கேம் எனக்குக் கிடைத்தது. ஆட்டக்காரன் பனிக்குள் வழி தவறுகிறான். முக்காடு போட்ட உருவங்கள் பனியிலிருந்து வெளியே வருகின்றன. அவன் நடுங்குகிறான். கிட்டே வந்தபிறகுதான் தெரிகிறது, அவர்கள் காய் எடுக்கும் பெண்கள். அவர்கள் குரலைப் பிடித்துக்கொண்டு போனால் ஜீப்புக்குப் போய்விடலாம். பயத்தைக் கொடுத்து, அதன் பிறகு பயந்ததற்காக அவனை வெட்கப்பட வைக்க வேண்டும். அம்மாவின் கூவலைக் கடை மைக்கில் பதிந்தேன். ஜோயலும் அப்போது தலையாட்டினான்.

அப்புறம் அவன் வீடியோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினான். கம்பெனியின் ஆதித்தன் சார் பதில் போட்டிருந்தார்: மலை பிரமாதம், அந்த முக்காடு போட்ட பேய்கள் அதைவிடப் பிரமாதம், ஆட்டக்காரன் கையில் துப்பாக்கி கொடுங்கள், நான் குடும்பத்தோடு தேக்கடி வருகிறேன், ஞாயிற்றுக்கிழமை வழியில் இறங்கிப் பார்க்கிறேன். ஜோயல் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டான். ஆல்பம் வாங்க வந்த ஆளிடம் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் நான் உள்ளே வந்தேன்.

அந்த ஆள் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"யாரடா சுட்ட?"

"என்னத்த யார? எனிமி."

"அது எங்கம்மா."

"வேலு, அது மெஷ். ஒரு உருவம். நீயே பயமா இருக்கணும்னுதான செஞ்ச? பயந்தவன் கையில துப்பாக்கி இருந்தா சுடத்தான் செய்வான்."

"அப்ப உங்கப்பாவ வைப்போம். வெள்ளச் சட்டையோட, கல்லாப்பெட்டியக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு பனிக்குள்ள வரட்டும். நீ சுடு. நான் கை தட்டுறேன்."

"எங்கப்பாவ எதுக்குடி இழுக்குற?" என்று எழுந்துவிட்டான்.

"உருவம்தானடா. மெஷ்தான. ஏன் எந்திரிக்கிற?"

அவன் முகம் சிவந்தது. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அவன் விடவில்லை. "ஞாயித்துக்கெழம ஆதித்தன் சார் வர்றாக. இந்த வேலை உனக்கு வேணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு." வேண்டும். அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்று அவனுக்கும் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சல்.

வீட்டில் அம்மா வெந்நீர்ப் பாட்டிலை இடுப்பில் வைத்துச் சுருண்டு படுத்திருந்தாள். நான் பாத்திரத்தை டமார் டமார் என்று வைத்ததைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். "என்னைய வச்சு சினிமாவா?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "நான் பாக்கணுமே!"

இரண்டு நாள் கழித்துக் கேரளாவில் ஹர்த்தால். ஜீப் போகவில்லை. அம்மா கல்யாணத்துக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு கம்பத்துக்கு வந்தாள். ஞானசிகாமணி அய்யா சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா உட்கார்ந்ததும் அது பின்னால் உருண்டது. "ஏத்தா, இது ஓடுதுடி" என்று மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஜோயல் அவளைப் பார்க்கவே கூச்சப்பட்டான்.

நான் மலையைக் காட்டினேன். பனி இறங்குவதைப் பார்த்து அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். முக்காடு உருவங்கள் வந்தன. "அந்தா, முன்னால வர்றது நானு!" என்று விரலை வைத்தாள். "பின்னால மலையம்மா. சாக்க எப்பவும் அவ கோணலாத்தான் போடுவா." சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்தது.

"இப்ப சுடு தம்பி" என்றாள்.

"வேணாம்மா" என்றான் ஜோயல்.

"பாக்கத்தான வந்தேன். சுடு."

அவன் சுட்டான். முன்னால் வந்த உருவம் மடங்கி விழுந்தது. மற்றவர்கள் அதைத் தாண்டி நடந்து வந்துகொண்டே இருந்தார்கள். அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னொரு தடவ காட்டு."

காட்டினான். மறுபடி அதே. ஒருத்தி விழ, மற்றவர்கள் தாண்டிப் போனார்கள்.

"என்னடா இது?" அம்மாவின் குரல் ஏறியது. தம்பி போய் டா வந்துவிட்டது. "ஒருத்தி விழுந்து கெடக்கா, மத்தவளுக மிதிச்சுக்கிட்டுப் போறாளுக? எந்தத் தோட்டத்துலடா இப்படிப் போவாளுக? நான் விழுந்தப்ப இதே மலையம்மா என்னையத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தாடா. கங்காணி சம்பளத்தப் பிடிப்பேன்னான், பிடிச்சுக்கடா நாயேன்னுட்டு வந்தா. அவளப் போயி இப்படிக் காட்டுறீகளே, வெக்கமா இல்ல?"

ஜோயல் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. சுட்டதைப் பற்றி அவள் ஒன்றுமே சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவள் கோபம் என் கோபம்தான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அன்றைக்கே மாற்ற ஆரம்பித்தேன். ஜோயலும் கூட உட்கார்ந்தான், அதை மறைக்கக் கூடாது. ஒருத்தி விழுந்தால் மற்றவர்கள் எல்லோரும் நிற்பார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் குனிந்து தூக்குவார்கள். பிறகு ஒருத்தி கூவுவாள், மற்றவர்கள் மறுகுரல் கொடுப்பார்கள். ஆட்டக்காரன் மறுகுரல் கொடுக்கமாட்டான், அவனுக்குத் தெரியாது. ஆகவே ஒரு குரல் குறைகிறது. ஆகவே அவர்கள் அவனைத் தேடுவார்கள். பனியின் எல்லாப் பக்கமிருந்தும், கூவிக்கொண்டே, அவனை நோக்கி வருவார்கள். அவன் சுடாமல் நின்றால், முன்னால் வரும் அம்மா அவன் கையைப் பிடித்து ஜீப்புக்குக் கூட்டிப் போவாள், பனி விலகும். சுட்டுக்கொண்டே இருந்தால் விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு இன்னும் பல பேர் தேடி வருவார்கள். அவனை யாரும் ஒரு அடி அடிக்கமாட்டார்கள்.

ஓட்டிப் பார்த்தபோது ஜோயல் கையைத் தேய்த்துக்கொண்டான். "புல்லரிக்குது வேலு. இத யாரும் செஞ்சதில்ல." எனக்கு அவன்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. சென்னையில் வாடகைக்கு வீடு எடுத்து, மாடிப்படி இல்லாத கீழ்வீடாகப் பார்த்து, அம்மாவைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து ஞானசிகாமணி அய்யா கடையைத் திறந்துவிட்டார். ஆதித்தன் சார் அரைக்கால் டவுசரும் தொப்பியுமாக வந்தார். குடும்பம் காரில் இருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவும் வந்திருந்தாள். "யாரு இவங்க?" என்று கேட்டார். "எங்கம்மா சார்" என்றேன். "ஓ, நைஸ்" என்று நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார்.

பனி வழிந்ததும் "வாவ்" என்றார். முக்காடுகள் வந்ததும் சுட்டார். அம்மா விழுந்தாள். மற்றவர்கள் நின்றார்கள், குனிந்தார்கள், தூக்கினார்கள். பனிக்குள் "ஊஊஊய்" என்று குரல் எழுந்தது. அவர் பின்னால் திரும்பினார், அங்கேயும் குரல். சுட்டார். இடது பக்கம் சுட்டார். அவர் காது சிவந்துவிட்டது, நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்.

"சுடாம சும்மா நில்லுங்க தம்பி" என்றாள் அம்மா. "அவுக உங்களத் தேடித்தான் வர்றாக."

"அதானே, தேடித் தேடி அட்டாக் பண்றாங்க!" என்று சுட்டுக்கொண்டே கத்தினார். "சூப்பர் ஏஐப்பா!"

"அட்டாக் இல்ல சார்" என்றேன். "காப்பாத்த வர்றாங்க. துப்பாக்கியக் கீழ போட்டுப் பாருங்க."

அவர் கேட்பதாக இல்லை. கடைசியில் அம்மாவே குனிந்து மவுஸிலிருந்து அவர் கையை எடுத்து மேசையில் வைத்தாள். ஆதித்தன் சார் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். திரையில் முக்காடு போட்ட அம்மா கிட்டே வந்து கையை நீட்டினாள். ஜீப் தெரிந்தது. பனி விலகி மரம் மரமாக வெளிச்சம் வந்தது.

"ம்ம்" என்றார் அவர். "இது கொஞ்சம் டல்லடிக்குது. முன்னாடி இருந்ததுதான் செம. இந்த எண்டிங் வேணாம். பக்கத்துல வந்ததும் அந்த லீடர் பொம்பள முக்காட்டை எடுக்கணும், முகம் அழுகிப்போயிருக்கணும், கழுத்தக் கடிக்கணும். அந்தக் கூவல அப்படியே வெச்சுக்கங்க, பேய்க்குன்னே செஞ்ச குரல் மாதிரி இருக்கு. இத மட்டும் மாத்திடுங்க, ரெண்டு பேருக்கும் வேலை. அடுத்த மாசம் சென்னை வந்துருங்க."

ஜோயல் என் கையைக் கிள்ளினான், சந்தோஷத்தில். அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பேய்க்கென்றே செய்த குரல். அந்தக் குரல் அவளுடையது என்று அந்த மனிதருக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் "ஓ, நைஸ்" என்றுதான் சொல்லியிருப்பார். தேக்கடிக்குப் போகும் வழியில் இப்படி எத்தனை ஜீப்பை முந்திக்கொண்டு போவார், அந்த ஜீப்புக்குள் எத்தனை முக்காடு உட்கார்ந்திருக்கும், ஒரு முறையாவது கண்ணாடியை இறக்கிப் பார்த்திருப்பாரா? எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது.

"இருங்க சார், இப்பவே மாத்திர்றேன்" என்றேன்.

அவர் எழுந்து இடம் கொடுத்தார். நான் உட்கார்ந்து பெண்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தேன். உருவம், நடை, குரல், சாக்கு, எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். ஜோயல் "ஏய் ஏய்" என்று பாய்வதற்குள் டிராயரிலிருந்த பேக்கப் சிடியை இரண்டாக உடைத்தேன். உள்ளங்கையில் கீறி ரத்தம் வந்தது.

"மலைய வச்சுக்கங்க சார். மஞ்சையும் வச்சுக்கங்க. ஆளுக எங்க ஆளுக."

ஆதித்தன் சார் தொப்பியை எடுத்துக்கொண்டார். "ஆள் இல்லாத மேப் எங்ககிட்டயே நெறைய இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கார் கிளம்பியது. ஜோயல் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றான், அதில் பனி தன்பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. "உனக்கு வேணாம்னா நீ போயிருக்கணும்" என்றான். "என் சோத்துலயும் ஏன்டி மண்ணள்ளிப் போட்ட?" நியாயமான கேள்விதான். அப்போதிருந்த கோபத்தில் நான் அதற்கும் "போடா" என்றேன்.

தெருவில் அம்மா முன்னால் நடந்தாள். நான் சாதித்துவிட்ட தோரணையில் நடந்தேன். பஸ் ஸ்டாண்டு வந்ததும் அவள் நின்றாள். வலது கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டாள்.

"வேலைய விட்டுட்டியா?"

"அப்புறம்? உன்னையப் பேயாக்கிக் கழுத்தக் கடிக்க விடணுமா?"

"கிறுக்கி!" பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. "எவளக் கேட்டு அழிச்ச? சுட்டது உன்னையவா, என்னையவா? நான் அழிக்கச் சொன்னேனா?"

"நீதானம்மா அன்னைக்கு அம்புட்டுக் கோவப்பட்ட?"

"விழுந்தவளத் தாண்டிப் போகக் கூடாதுன்னு சொன்னேன். விழவே கூடாதுன்னா சொன்னேன்? அந்த ஆளு பொட்டியில நாலு வெடி வாங்கினா எனக்கென்ன, ரத்தமா வரும்? அழுகின மூஞ்சியா இருந்துட்டுப் போறேன். உனக்கு வேலை கிடைச்சிருக்கும்ல? நான் அந்த மலைய விட்டு இறங்கிருப்பேன்ல? பேயா நடிக்கணுமான்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டியாடி? அவனும் கேக்கல, அந்தத் தொப்பிக்காரனும் கேக்கல, நீயும் கேக்கல."

"உன் மானம்…"

"என் மானம் என்கிட்டதான இருக்கு. நீ எங்க கொண்டுபோயி வச்ச அத?"

அவள் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது, ஆனால் நான் செய்ததும் தப்பு என்று படவில்லை. மறுபடி அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் மறுபடியும் அழிப்பேன். அப்படியிருந்தும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பஸ் படியில் ஏறியதைப் பார்த்தபோது என் தலையிலேயே ஓங்கிப் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு, தட்டைத் தள்ளினாள்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் ஜீப் வந்தது. நான் அவள் பையையும் மடித்த உரச்சாக்கையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். வாங்கவில்லை, பிடுங்கிக்கொண்டாள். பின்படி உயரம். இடது காலை வைத்தாள், முடியவில்லை. வலது காலை வைத்தாள். உள்ளேயிருந்து மலையம்மாள் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே விழுந்தாள். ஆட்களுக்கு நடுவில் அவள் முகம் மறைந்துபோனது.

"மகளுக்கு வேலை வந்துரும், இனி வரமாட்டேன்னியேக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எம்மக என்னையச் சுட விடமாட்டாளாம்" என்றாள் அம்மா. "மகராசி. அதான் வந்துட்டேன்."

ஜீப்புக்குள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது? அந்தத் தொப்பிமேலா, ஜோயல்மேலா, இவள்மேலா, இந்தப் படியின் உயரத்தின்மேலா? எல்லாவற்றின்மேலும் கோபமாக இருந்தது. ஒன்றையும் மவுஸால் அழிக்க முடியாது.

டிரைவர் பலவேசம் வண்டியைக் கிளப்பினார். அப்போது உள்ளேயிருந்து "ஊஊஊய்!" என்று அம்மாவின் குரல் வந்தது. பலவேசம் பிரேக்கில் காலை வைத்துவிட்டார். "எவடி வரல? எல்லாரும் ஏறியாச்சுல்ல?" மறுபடி "ஊஊஊய்" என்றாள் அம்மா. இப்போது மலையம்மாளும் சேர்ந்து கூவினாள், பிறகு இன்னொருத்தி, பிறகு ஜீப் முழுக்க. தெரு நாய்கள் குரைத்தன.

"ஒரு குரல் குறையுதுண்ணே" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "வண்டிய எடுக்காதீக."

நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. இப்போதும் என்னோடு பேசவில்லை. வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அழுகையும் ஆத்திரமுமாக, எனக்கே கேவலமாகப்பட்ட ஒரு குரலில் "ஊய்" என்றேன்.

"வந்துருச்சு. போகலாம்ணே" என்றாள் அம்மா.

பலவேசம் கியரைப் போட்டார். ஜீப் அவளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனது.